மேற்கு பெர்லினின் மின்கலன்: தனித்து விடப்பட்ட ஒரு நகரத்தின் கதை



பெர்லின் என்றதும் நம் நினைவுக்கு வருவது சுவர். 1961ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் எழும்பத் தொடங்கி, 1989ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் திறந்துவிடப்பட்ட அந்தச் சுவரைப் பற்றி நம் மாணவர்கள் ஓரளவு அறிந்தே இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே அந்நகரை இரண்டாகப் பிரித்த வேறொரு கோடு உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாத கோடு. 1952ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் கிழக்குத் தரப்பினர் மேற்கு பெர்லினுக்கான மின் இணைப்புகளைத் துண்டித்தனர். அன்று தொடங்கிய மின் தனிமை, சுவர் வீழ்ந்த பின்னரும் ஐந்தாண்டுகள் நீடித்து, 1994ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள்தான் முடிவுற்றது. சுவரின் ஆயுள் 28 ஆண்டுகள். மின் தனிமையின் ஆயுளோ 42 ஆண்டுகளுக்கும் மேல்!

பெரிய மின்கலன்களை நிறுவி மின்கட்டமைப்பை நிலைப்படுத்துவது பற்றி இன்று நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். இது சூரிய ஒளி மின்சாரத்தோடும் மின்கார்களோடும் கூடப்பிறந்த புதுமை என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. இதைப் பெருநகர் அளவில் நடத்திக் காட்டிய முன்னோடிகளுள் மேற்கு பெர்லின் தலையாயது. அந்நகர் அதைச் செய்தது புதுமை வேட்கையால் அன்று. அதற்கு அண்டை அயல் இல்லை என்பதால். இக்கட்டுரையில் அந்த வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஐம்பது என்னும் எண்

முதலில் அறிவியலைச் சிறிது தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. அதாவது ஒரு நொடியில் ஐம்பது முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. இந்த ஐம்பதை உண்டாக்குபவை மின்நிலையங்களில் சுழலும் மாபெரும் மின்னாக்கிகள். ஒரு கட்டமைப்பில் பிணைந்துள்ள மின்னாக்கிகள் யாவும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன.

மின்சாரத்தை அரிசியைப் போல் மூட்டை கட்டிக் கிடங்கில் அடுக்க இயலாது. ஒரு நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அதே நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். செலவு மிகுந்து உற்பத்தி குறைந்தால் மின்னாக்கிகளுக்குச் சுமை கூடும். அவற்றின் வேகம் தளரும். அதிர்வெண் ஐம்பதிலிருந்து கீழே இறங்கும். உற்பத்தி மிகுந்தால் அதிர்வெண் ஏறும். ஆகவே அதிர்வெண் என்பது ஒரு கட்டமைப்பின் நாடித்துடிப்பு எனலாம். நாடி பிடித்தால் நோய் தெரிவதுபோல், அந்த ஒற்றை எண்ணைக் கொண்டே நாடு முழுதும் உற்பத்தியும் செலவும் எப்படி இருக்கின்றன என்று கூறிவிடலாம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்த பெற்றோர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பல தோட்டங்களில் அக்காலத்தில் சொந்த ஜெனரேட்டர்தான் மாலையில் சில மணி நேரம் லயன் வீடுகளுக்கு வெளிச்சம் தந்தது. ஆலையில் ஒரு பெரிய இயந்திரத்தை இயக்கினால் போதும், வீட்டு விளக்குகள் ஒரு கணம் மங்கி, பிறகு தெளியும். சிறிய கட்டமைப்பில் ஒரே ஒரு இயந்திரத்தின் விருப்பம் எல்லாருடைய விளக்கையும் ஆட்டிவைக்கும். அதே இயந்திரத்தைத் தேசியக் கட்டமைப்பில் மாட்டினால், அது கடலில் விழுந்த கூழாங்கல், எவருக்கும் தெரியாது.

கட்டமைப்பு பெரிதாக இருப்பதன் வலிமை இதுதான். எங்கோ ஒரு மின்நிலையம் நின்றுபோனாலும் ஆயிரம் மின்னாக்கிகள் அந்த இழப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. அப்பகிர்வு சீராக நடக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சிறு வேடிக்கை நிகழ்வு உண்டு. 2018ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை, செர்பியா–கொசோவோ பகுதியில் ஏற்பட்ட மின் பற்றாக்குறை ஈடுசெய்யப்படாமல் விடப்பட்டது. ஐரோப்பியக் கண்டத்தின் சராசரி அதிர்வெண் மிக மிகச் சிறிய அளவே குறைந்தது. ஆயினும் அதிர்வெண்ணை எண்ணியே மணி காட்டும் சமையலறைக் கடிகாரங்கள் பல நாடுகளில் ஏறக்குறைய ஆறு நிமிடம் பின்தங்கிப் போயின! மாணவர்களுக்குச் சொன்னால் மறக்கமாட்டார்கள்.

மெதுவான சரிவின் விளைவு இவ்வளவே. திடீர்ச் சரிவு இவ்வாறு வேடிக்கையாக முடிவதில்லை. ஐரோப்பியக் கட்டமைப்பில் 49 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்கினால் சில பகுதிகளின் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். 47.5 ஹெர்ட்சுக்குக் கீழே இறங்கினால் மின்நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ள விலகிவிடும். ஒன்று விலக, மற்றவற்றின் சுமை கூடும், அவையும் விலகும். சில நொடிகளில் நாடே இருண்டுவிடும்.

முற்றுகையும் நிலக்கரியும்

இனி பெர்லினுக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நகரை நான்கு வெற்றி நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. மேற்குப் பகுதிகள் மூன்றும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகியவற்றின் கையில் இருந்தாலும், அவற்றைச் சுற்றியிருந்த நிலம் முழுவதும் சோவியத் ஆளுகைக்கு உட்பட்டது. மேற்குப் பகுதியில் இருந்த நவீன மின்நிலையமான 'வெஸ்ட்' நிலையத்தின் இயந்திரங்களைப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே சோவியத் படையினர் கழற்றி எடுத்துச் சென்றுவிட்டனர். ஆகவே மேற்கு பெர்லின் மின்சாரத்திற்குக் கிழக்கை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

1948ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் முற்றுகை தொடங்கியபோது சாலை, இருப்புப்பாதை, நீர்வழி ஆகியவற்றோடு கிழக்கிலிருந்து வந்த மின்சாரமும் நிறுத்தப்பட்டது. அதன்பின் நடந்த வானூர்திப் பாலம் புகழ்பெற்றது. ஏறத்தாழ 2 லட்சத்து 77 ஆயிரம் பயணங்களில் 23 லட்சம் டன் பொருள்கள் வந்திறங்கின. பால்மாவும் மாவும் மிட்டாயும் வந்த கதையையே நாம் பெரும்பாலும் கேட்டிருக்கிறோம். ஆனால் எடைக்கணக்கில் பார்த்தால் அவற்றுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி! வானத்திலிருந்து கரி இறக்கித்தான் அந்நகரின் விளக்குகள் எரிந்தன. அப்போதும் வீடுகளுக்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரம்தான் மின்சாரம். அதுவும் இரண்டிரண்டு மணி நேரமாக, முறை வைத்து. நள்ளிரவில் முறை வந்தால் இல்லத்தரசிகள் நள்ளிரவில் எழுந்து சமைத்தனர்.

'வெஸ்ட்' மின்நிலையத்தை மீண்டும் கட்டும் பணியும் முற்றுகையின் நடுவிலேயே தொடங்கிற்று. அதற்கான இயந்திரப் பாகங்களும் வானூர்தியில் வந்தன. முற்றுகை 1949 மே 12ஆம் நாள் விலக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நிலையம் இயங்கத் தொடங்கியது. முற்றுகைக் காலத்தில் நகரின் குரலாக விளங்கிய மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் 1953ஆம் ஆண்டு மறைந்தபோது, அம்மின்நிலையத்திற்கே அவர் பெயரைச் சூட்டினர். ஒரு தலைவருக்குச் சிலை வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மின்நிலையத்தை நினைவுச் சின்னமாக்கியது அம்மக்கள் எதை உயிராக மதித்தார்கள் என்பதைக் காட்டுகிறது.

1952இல் இணைப்பு முற்றாக அறுந்தபோது நகரம் ஓரளவு ஆயத்தமாகவே இருந்தது. அதன்பின் மேற்கு பெர்லின் சேமிப்பையே ஒரு வாழ்க்கை முறையாக்கிக்கொண்டது. மீண்டும் ஒரு முற்றுகை வந்தால் என்ன செய்வது? தானியம், இறைச்சி டின்கள், மருந்து, நிலக்கரி, எண்ணெய் என ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு வேண்டிய பொருள்களை நகர அரசு கிடங்குகளில் அடுக்கி வைத்தது. பழையன கெடுமுன் விற்றுப் புதியன வாங்கும் இந்த ஏற்பாடு 1990 வரை தொடர்ந்தது.

ஆறு மாதத்திற்கான கரியை மலைபோல் குவித்துவிடலாம். அடுத்த ஐந்து நொடிக்கான மின்சாரத்தை எங்கே குவிப்பது? இரு சிக்கல்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் வெவ்வேறானவை. நம் பாடநூல்கள் 'ஆற்றல் சேமிப்பு' என்று ஒரே தலைப்பின்கீழ் இரண்டையும் சேர்த்துவிடுவதால் மாணவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படுவதில்லை என்பது என் கருத்து.

மேற்கு செர்மனியில் ஒரு மின்னாக்கி நின்றால், ஸ்பெயின் முதல் ஆஸ்திரியா வரை பரந்திருந்த கட்டமைப்பு அதைத் தாங்கிக்கொண்டது. மேற்கு பெர்லினில் அதே அளவு மின்னாக்கி நின்றால் தாங்குவதற்கு நகரத்தின் பிற மின்னாக்கிகளைத் தவிர வேறு எவரும் இல்லை. நகரின் உச்சத் தேவை ஏறத்தாழ 2,000 மெகாவாட். 1980களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய புதிய 'ராய்ட்டர் வெஸ்ட்' நிலையத்தின் அலகுகள் ஒவ்வொன்றும் 300 மெகாவாட். ஒரு அலகு திடீரென்று நின்றால் போவது நகரத்து மின்சாரத்தில் ஏழில் ஒரு பங்கு. தோட்டத்து ஜெனரேட்டர் கதைதான். மக்கள் தொகை மட்டும் இருபது லட்சம்!

ஆகவே நகரின் மின் நிறுவனமான பேவாக், சில மின்னாக்கிகளை எந்நேரமும் முழுத் திறனுக்குக் குறைவாகவே ஓட்டி வந்தது. ஒன்று விழுந்தால் மற்றவை உடனே ஏறிக்கொள்ள வேண்டும் அல்லவா? ஆனால் பாதித் திறனில் ஓடும் நிலையம் எரிபொருளை வீணாக்கும். அதிர்வெண்ணின் ஒவ்வோர் அசைவுக்கும் நீராவியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால் கொதிகலனும் சுழலியும் தேய்ந்துபோகும். கூடுதலாக நிலையம் கட்டுவதற்கோ நிலம் இல்லை. ஸ்பாண்டாவ் காட்டில் ஒரு மின்நிலையம் எழுப்பும் திட்டம், மரங்களை வெட்டக்கூடாதென்ற மக்கள் எதிர்ப்பாலும் நீதிமன்றத் தடையாலும் 1970களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. சுற்றிலும் சுவர் கொண்ட நகரத்தாருக்குக் காடு என்பது இருக்கும் ஒரே திறந்தவெளி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. மலைநாடுகளில் செய்வதுபோல் நீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது இறக்குவதற்கும் பெர்லினில் மலை இல்லை.

பழைய நினைவு ஒன்று

சேமக்கலம் பெர்லினுக்குப் புதிதன்று. ஈய மின்கலனைப் பிரெஞ்சு அறிவியலறிஞர் காஸ்டோன் பிளாந்தே 1859இல் உருவாக்கினார். பெர்லினில் நகர மின்விநியோகம் 1880களின் நடுவில் தொடங்கியது. அக்கால நகர மின்விநியோகங்களுள் பெரும்பாலானவை நேர்மின்னோட்டத்தில் நடந்தன. அவற்றில் மின்கலன்கள் இன்றியமையாதவை: பகலில் நீராவி இயந்திரம் ஓடும்போது அவற்றில் மின்னேற்றம் செய்து, இரவில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவற்றைக் கொண்டே விளக்கெரித்தனர். டிராம் வண்டிகள் ஒரே நேரத்தில் புறப்படும்போது உண்டாகும் அதிர்ச்சியைத் தாங்கவும் அவை பயன்பட்டன.

பின்னர் மாறுதிசை மின்னோட்டம் வென்றது. மின்கலன் தருவது நேர்மின்னோட்டம் மட்டுமே. ஆகையால் அது பெரிய கட்டமைப்புகளிலிருந்து மெல்ல ஒதுங்கிற்று. 1929இல் பெர்லின் வேறொரு வழியை முயன்றது. சார்லட்டன்பர்க் மின்நிலையத்தில் 16 பெரும் கலன்களில் சூடான நீரை அழுத்தத்தில் அடைத்து வைத்து, மாலை வேளையில் தேவை உயரும்போது அதிலிருந்து நீராவி எடுத்து 50 மெகாவாட் உற்பத்தி செய்தனர். சுவீடன் பொறியாளர் ரூத்ஸ் என்பாரின் கண்டுபிடிப்பு அது. மின்சாரத்தைச் சேமிக்க முடியாவிட்டால் நீராவியையாவது சேமிப்போம் என்ற எண்ணம்!

நேர்மின்னோட்டத்தையும் மாறுதிசை மின்னோட்டத்தையும் பெரிய அளவில் நொடிக்குள் ஒன்றையொன்றாக மாற்றவல்ல மின்னணுக் கருவிகள் 1970களிலும் 1980களிலும் வளர்ந்த பிறகுதான் மின்கலனுக்கு மீண்டும் அழைப்பு வந்தது. தாத்தா காலத்துப் பொருள் புதிய உறவினரின் கைபிடித்துத் திரும்பி வந்ததுபோல் எனலாம்.

ஸ்டெக்லிட்ஸ் கூடம்

நகரின் தெற்கே டெல்டோ கால்வாயை ஒட்டிய ஸ்டெக்லிட்ஸ் பகுதியில் பேவாக் நிறுவனத்துக்குப் பழைய மின்நிலைய வளாகம் ஒன்று இருந்தது. 1986இல் அங்கே அந்த மின்கலன் நிறுவப்பட்டது. மறு ஆண்டு முறையான பணியைத் தொடங்கியது. அப்போது உலகிலேயே மிகப் பெரிய மின்கலன் நிலையம் அதுதான்.

அதற்குள் இருந்தது ஏதோ மந்திரப் பொருள் என்று எண்ணிவிட வேண்டா. கார்களில் இருக்கும் அதே ஈயமும் கந்தக அமிலமும்தாம். இரண்டு வோல்ட் கலன்கள் 590ஐ வரிசையாகக் கோத்தால் ஏறத்தாழ 1,180 வோல்ட். அப்படிப் பன்னிரண்டு சரங்கள். ஆக மொத்தம் 7,080 கலன்கள். ஒவ்வொரு கலனும் 1,000 ஆம்பியர்-மணி கொள்ளளவுடையது. இவ்வெண்களைப் பெருக்கிப் பாருங்கள்: 14 மெகாவாட்-மணிக்குச் சற்று மேல் வரும். உயர்நிலை மாணவர்களுக்கு அருமையான கணக்கு!

அதிர்வெண் சீராக்கத்திற்கு 8.5 மெகாவாட் வரையும், பெரிய மின்னாக்கி ஏதேனும் விழுந்தால் அவசர உதவியாக 17 மெகாவாட் வரையும் அது தந்தது. நகரின் உச்சத் தேவையோ 2,000 மெகாவாட். அதாவது மின்கலன் தந்தது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. முழு வலுவில் ஓடினால் ஒரு மணி நேரம்கூட நிற்காது. இதை வைத்துக்கொண்டு ஒரு நகரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்கத் தோன்றும்.

விடை வேகத்தில் இருக்கிறது. நீராவி நிலையத்திற்கு ஆணை பிறந்து, அடைப்பிதழ் திறந்து, நீராவி பாய்ந்து, சுழலி உந்தப்படுவதற்கு நொடிகள் கழியும். கொதிகலன் அதற்கு ஈடுகொடுக்க மேலும் நேரமாகும். மின்கலனுக்கு அசையும் உறுப்பே இல்லை. அதிர்வெண் சற்றே தாழ்ந்ததை அறிந்த மாத்திரத்தில், கண் இமைப்பதற்குள் மின்சாரம் பாயும். பழைய நிலையங்கள் மூச்சு வாங்கி எழுந்து வரும்வரை கதவைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை. மேலும் நாள் முழுதும் நேரும் சிறு சிறு ஏற்ற இறக்கங்களை அதுவே ஏற்றுக்கொண்டதால், பெரிய நிலையங்கள் அமைதியாக ஒரே வேகத்தில் ஓட முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அதிர்வெண் தாழ்ந்தால் மின்கலன் கொடுக்க வேண்டும். உயர்ந்தால் மின்கலன் வாங்க வேண்டும். முழுதும் நிரம்பியிருந்தால் வாங்க இடமிராது. காலியாக இருந்தால் கொடுக்க ஒன்றுமிராது. ஆகையால் அதை எப்போதும் ஏறக்குறைய நடுநிலையிலேயே வைத்திருக்க வேண்டும். 'நிறைகுடம் தளும்பாது' என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இந்தத் தொழிலுக்கு வேண்டியதோ குறைகுடம்! அதன் காலியான பாதியும் நிரம்பிய பாதியைப் போலவே உழைக்கிறது.

இவ்வாறு அது கொஞ்சம் கொடுத்தும் கொஞ்சம் வாங்கியும் நாள்தோறும் உழைத்தது. தன் பணிக்காலம் முழுவதிலும் அது கையாண்ட மின்சாரம் அதன் கொள்ளளவைப் போல் ஏறத்தாழ 7,000 மடங்கு. அடிவரை வெறுமையாக்கி நிரப்பிக்கொண்டே இருந்தால் ஈயக் கலன்கள் அவ்வளவு நாள் தாங்கியிருக்க மாட்டா. மேலோட்டமாக, சிறு சிறு அளவில் பயன்படுத்தியதே அவற்றின் நீண்ட உழைப்புக்குக் காரணம்.

அண்டை வீட்டார் திரும்பி வந்தபோது

1989இல் சுவர் திறந்தது; 1990 அக்டோபர் 3ஆம் நாள் இரு செர்மனிகளும் இணைந்தன. மின்கம்பிகளுக்கோ அரசியல்வாதிகளைப் போல் ஒரே இரவில் கைகுலுக்கிக்கொள்ளத் தெரியாது. கிழக்கு செர்மனியின் கட்டமைப்பு அதுவரை கிழக்கு ஐரோப்பிய நாடுகளோடு பிணைந்திருந்தது. மேற்கின் கட்டமைப்போ வேறு தாளத்தில் சுழன்றது. இரண்டும் 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் இரண்டு பள்ளிகளின் அணிவகுப்பு ஒரே பாட்டுக்கு நடந்தாலும் காலடி ஒத்துப்போகாததுபோல், அவற்றை அப்படியே இணைக்க இயலாது. மேற்கு பெர்லினுக்குப் புதிய 380 கிலோவோல்ட் கம்பித்தடம் வந்து சேர 1994 டிசம்பர் ஆயிற்று. கிழக்கு செர்மனியின் கட்டமைப்பு மேற்கு ஐரோப்பாவோடு இணைந்தது 1995 செப்டம்பரில்.

இணைப்பு வந்ததும் ஸ்டெக்லிட்ஸ் மின்கலனுக்கு வேலை இல்லாமற் போயிற்று. பழுதாகிவிட்டது என்பதால் அன்று. ஐரோப்பா முழுவதன் மின்னாக்கிகளும் இப்போது பெர்லினைத் தாங்கின. 17 மெகாவாட் அங்கே கூழாங்கல் ஆகிவிட்டது. 1990களின் நடுவில் அது ஓய்வு பெற்றது. அது இருந்த கட்டடத்தில் இன்று பெர்லின் எரிசக்தி அருங்காட்சியகம் இயங்குகிறது.

இந்த முடிவை நான் ஒரு தோல்வியாகக் கருதவில்லை. ஆனால் அன்றைய பொறியாளர் பலர் மின்கலனை ஒரு தீவுநகரத்தின் விந்தையாக மட்டும் எண்ணி மறந்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது. அடுத்து வந்தவையும் தனிமையில் இருந்த இடங்கள்தாம். கரீபியக் கடலின் புவேர்ட்டோ ரிக்கோ தீவு 1994இல் 20 மெகாவாட் மின்கலனை நிறுவிற்று. அலாஸ்காவின் ஃபேர்பேங்ஸ் நகரம் 2003இல் நிக்கல்-காட்மியம் கலன்களால் ஒன்றை அமைத்தது; அங்கே குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 40 பாகைக்கும் கீழே இறங்கும். மின்சாரம் நின்றால் வீட்டுக் குழாய் நீர் உறைந்து வெடிக்கும். தெற்கே நெடுந்தூரத்துக்கு அப்பாலிருந்து ஒற்றைக் கம்பித்தடத்தில் வரும் மின்சாரம் தடைப்பட்டால், உள்ளூர் நிலையங்கள் எழும்வரை ஏறக்குறைய 15 நிமிடம் தாங்குவதே அம்மின்கலனின் கடமை.

தெற்கு ஆஸ்திரேலியா

மறந்ததை உலகம் நினைவுகூர்ந்தது 2016 செப்டம்பர் 28ஆம் நாளுக்குப் பின்னர்தான். அன்று மாலை 4.18 மணிக்குத் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுவதும் இருண்டது, ஏறத்தாழ 8.5 லட்சம் வாடிக்கையாளர்கள் மின்சாரம் இழந்தனர். புயலும் சூறாவளியும் உயர்மின்னழுத்தக் கோபுரங்களைச் சாய்த்தன. அதிர்ச்சி அடுத்தடுத்து வந்தபோது, பல காற்றாலைகள் அவற்றின் பாதுகாப்பு அமைப்பு ஆணையிட்டபடி உற்பத்தியைக் குறைத்துக்கொண்டன. அந்தக் குறையை ஈடுகட்ட விக்டோரியா மாநிலத்திலிருந்து வரும் கம்பித்தடத்தில் மின்சாரம் அளவுக்கு மீறிப் பாய, அதுவும் அறுந்தது. ஒரு நொடியில் மாநிலம் தீவாயிற்று. அதிர்வெண் விழுந்த வேகத்துக்கு முன் தானியங்கிப் பாதுகாப்பு எதுவும் செயற்பட நேரமில்லை.

காற்றாலைகள்தாம் குற்றவாளிகள் என்று ஒரு சாராரும், புயல்தான் என்று மறுசாராரும் நெடுநாள் வாதிட்டனர். இரண்டிலும் பாதி உண்மை இருந்தது. நிலக்கரி நிலையத்தின் கனத்த சுழலி, எரிபொருள் நின்றாலும் தன் எடையின் விசையால் சில நொடிகள் சுழன்று அதிர்வெண்ணைத் தாங்கும். அத்தகைய கனமான சக்கரங்கள் குறைந்த கட்டமைப்பில் அதிர்வெண் கல்லைப் போல் விழுகிறது. மேற்கு பெர்லின் அண்டை வீட்டார் இல்லாமல் தவித்தது. தெற்கு ஆஸ்திரேலியா அன்று அண்டை வீட்டாரையும் இழந்தது, வீட்டுக்குள் இருந்த கனத்தையும் ஏற்கெனவே குறைத்துவிட்டிருந்தது.

அடுத்த ஆண்டு எலான் மஸ்க், நூறு நாளில் மின்கலன் அமைக்காவிட்டால் இலவசம் என்று சொன்னதும், சொன்னபடியே முடித்ததும் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தன. நாள்கணக்கு ஒப்பந்தம் உறுதியான பிறகே தொடங்கியது என்பதையும், அதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது என்பதையும் சிலரே குறிப்பிட்டனர். எவ்வாறாயினும் 2017 டிசம்பர் 1ஆம் நாள் ஜேம்ஸ்டவுன் அருகே ஹார்ன்ஸ்டேல் மின்கலன் இயங்கத் தொடங்கியது: 100 மெகாவாட், 129 மெகாவாட்-மணி, ஈயத்திற்குப் பதில் லித்தியம்.

இரண்டே வாரத்தில், டிசம்பர் 14ஆம் நாள் அதிகாலை, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் விக்டோரியாவில் 560 மெகாவாட் நிலக்கரி அலகு ஒன்று திடீரென விழுந்தது. ஹார்ன்ஸ்டேல் உடனே 7.3 மெகாவாட் செலுத்தியது. அதுவே நாட்டைக் காப்பாற்றியதுபோல் அன்று எழுதினார்கள். 560க்கு எதிரே 7.3 எவ்வளவு என்பதை நம் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளே சொல்லிவிடுவர். ஆயினும் மற்ற நிலையங்கள் விழித்தெழுவதற்கு முன்னரே அது செயற்பட்டது என்பது உண்மை.

மெய்யான தேர்வு 2020 சனவரி 31ஆம் நாள் வந்தது. விக்டோரியாவில் புயலால் கோபுரங்கள் சாய்ந்து, தெற்கு ஆஸ்திரேலியா மீண்டும் தீவானது. இம்முறை இரண்டு வாரத்திற்கும் மேல். மாநிலம் இருளவில்லை, அந்த நாள்களில் அதிர்வெண்ணைக் காத்தவற்றுள் ஹார்ன்ஸ்டேலும் ஒன்று. அவ்வாண்டிலேயே அது 150 மெகாவாட்டாக விரிவாக்கப்பட்டது. மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் சில மாதங்கள், தருவதாக ஒப்புக்கொண்ட அவசர உதவியைத் தரும் நிலையில் அது இருக்கவில்லை என்பதற்காக, 2022இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. குறைகுடமானாலும் சொன்ன அளவு குறையக்கூடாது அல்லவா!

நம் பக்கத்தில்

மலேசியப் பெற்றோர் பலர் 1996 ஆகஸ்டு 3ஆம் நாளை மறந்திருக்க மாட்டார்கள். திரங்கானு மாநிலம் பாக்கா மின்நிலையத்தருகே தொடங்கிய ஒரு கோளாறு, ஒன்றை ஒன்று இழுத்து, தீபகற்பம் முழுவதையும் அன்று மாலை இருளில் ஆழ்த்திற்று. மெழுகுவர்த்தி கிடைக்காமல் அலைந்ததே பலருடைய நினைவில் இருக்கும். அன்று நடந்ததன் உள்ளீடும் மேலே விளக்கிய அதே சங்கிலிதான்.

சிங்கப்பூரில் 2018 செப்டம்பர் 18ஆம் நாள் அதிகாலை, மின்னுற்பத்தி அலகுகள் செயலிழந்தபோது, ஏறத்தாழ 1 லட்சத்து 46 ஆயிரம் வாடிக்கையாளர்களின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, 38 நிமிடத்திற்குள் திரும்பியது. பெரும்பாலோர் உறக்கத்தில் இருந்தனர். எஞ்சியோரின் விளக்குகள் அணையாமலிருக்கச் சிலரது விளக்குகளை அணைக்கும் ஏற்பாடு அன்று சரியாகவே வேலை செய்தது என்பதை, காலையில் கண்ட செய்தித் தலைப்புகளிலிருந்து எவரும் அறிந்திருக்க முடியாது.

இன்று சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கூரைதோறும் சூரியத் தகடுகள் கூடி வருகின்றன. நம் வானத்து மேகங்களோ எவரையும் கேட்டு வருவதில்லை. 2022 டிசம்பரில் ஜூரோங் தீவில் ஒரு மின்கலன் நிலையம் பணியைத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. 200 மெகாவாட்; 285 மெகாவாட்-மணி. ஸ்டெக்லிட்ஸ் மின்கலனைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. பான்யான், சாக்ரா என்னும் இரண்டு இடங்களில், மொத்தம் இரண்டு ஹெக்டர் நிலத்தில், 800க்கும் மேற்பட்ட பெட்டிகளாக அது நிற்கிறது. முன்பு ஏழு தனித்தீவுகளாக இருந்தவற்றின் நடுவே கடலைத் தூர்த்து ஒன்றாக்கிய நிலம் அது.